வீக்கம் வற்றாத கால்: விரலிடுக்கில் இருந்து தொடைச்சந்து வரை

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அப்பாவுக்கு 58 வயது. வன்னியில், விசுவமடுப் பக்கம் வயல். இரண்டு வருடத்துக்குள் மூன்றாவது தடவையாக வலது கால் முழங்காலுக்குக் கீழே சிவந்து, கொதித்து, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்திருக்கிறது. தொடைச்சந்தில் நெறி கட்டி நடக்க முடியாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் ஊசி போட்டு, குளிசை கொடுத்து அனுப்பினார்கள். காய்ச்சல் போய்விட்டது, நெறியும் கரைந்துவிட்டது, வீக்கம் மட்டும் வற்றவில்லை. அயலில் உள்ளவர்கள் யானைக்கால் என்கிறார்கள், ஒட்டுமோ என்று பயப்படுகிறார்கள். ஒரு பெரியவர் எண்ணெய் போட்டு உருவி விடலாம் என்று சொல்லியிருக்கிறார். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: 2009-இல் அதே காலின் உள்தொடையில் செல் (எறிகணை) துண்டு பட்டு ஒப்பரேசன் செய்தது.

அந்தக் கடைசி வரியை நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். அதற்கு வருகிறேன்.

நான் டொக்டர் இல்லை. தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் பெரும்பகுதி வன்னியில், மருந்து கட்டும் அறையில் போனது. ஆகவே மருந்தின் பெயரும் அளவும் முடிவு செய்வது உங்கள் டொக்டரின் வேலை. ஒரு காலைப் பார்த்தால் அது என்ன சொல்கிறது என்று ஓரளவு எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் அயலவர்களின் பயத்தை முடித்துவிடுவோம். யானைக்கால் நோய் நூல் மாதிரி ஒரு புழுவால் வருவது. நுளம்பு கடித்துப் பரவும், தொட்டால் பரவாது. இலங்கையில் அது இருந்த இடம் புத்தளம், குருநாகல் தொடங்கி கம்பஹா, கொழும்பு, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்று கீழே இறங்குகிற பட்டை. வன்னி அதற்குள் வரவில்லை. அந்த மாவட்டங்களிலும் 2002 தொடக்கம் 2006 வரை வருடத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் குளிசை கொடுத்தார்கள். 2016-இல் இலங்கையில் இது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் போய்விட்டது என்று உலக சுகாதார அமைப்பு உறுதிப்படுத்தியது. அப்பா அந்தப் பக்கம் பல வருடம் இருந்து வேலை செய்தவர் என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள், இரவில் இரத்தம் எடுத்துச் சோதிக்கலாம். (இரவில் எடுப்பதற்குக் காரணம், புழுவின் குஞ்சுகள் இரவில்தான் வெளி இரத்தத்துக்கு வந்து உலாவும்.) மற்றபடி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு வந்தது செலுலைட்டிஸ், அதாவது தோலுக்குக் கீழே கிருமி பரவி வருகிற அழற்சி. அதுவும் ஒட்டாது. பக்கத்தில் படுக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம்.

சரி, காய்ச்சல் போன பிறகும் கால் ஏன் வற்றவில்லை?

வயல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை வயலை வைத்தே சொல்லலாம். இரணைமடுக் குளத்தில் துருசு (மதகு) திறக்கிறார்கள், தண்ணீர் வாய்க்காலால் வந்து வயலுக்குள் பாய்கிறது. பயிர் குடித்தது போக மிச்சம் கழிவு வாய்க்காலால் இறங்குகிறது. வருகிற வாய்க்காலுக்காகச் சண்டை பிடிக்காத கமக்காரன் இல்லை, கழிவு வாய்க்காலைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. அது தூர்ந்த வருடம்தான் அதன் அருமை தெரியும். உடம்பிலும் அப்படித்தான். இரத்தம் நுண்ணிய குழாய்களுக்குள் ஓடும்போது நீர் கசிந்து சதைக்குள் வருகிறது. அதில் மிஞ்சுவதை, நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று லீற்றர், வேறொரு குழாய்க் கூட்டம் உறிஞ்சி எடுத்து மேலே கொண்டுபோய், காறை எலும்புக்குப் பின்னால் உள்ள பெரிய நாளத்தில் கலக்கிறது. அந்த நீர்தான் நிணநீர், அந்தக் குழாய்கள்தான் நிணநீர்க் குழாய்கள்.

உவமை ஒரு இடத்தில் பிழைக்கும். வயல் தண்ணீர் பள்ளத்துக்குத் தானாக ஓடும், காலின் நிணநீர் மேட்டுக்கு ஏற வேண்டும். இரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல இதற்கென்று தனியாக ஒரு பம்ப் இல்லை. குழாயின் சுவர் நிமிடத்துக்குச் சில தடவை தானே சுருங்கி நீரைத் தள்ளும். உள்ளே இருக்கிற சின்னச் சின்னக் கதவுகள் அதைத் திரும்பி இறங்க விடாது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை அமத்தி விடுவது பெரிய உதவி. கதிரையில் காலைத் தொங்கப் போட்டு நாள் முழுக்க இருக்கிறவருக்கு அந்த உதவி இல்லை.

போகிற வழியில் அவரை விதை மாதிரி முடிச்சுகள் உண்டு. உடம்பு முழுவதும் 500 முதல் 700 வரை இருக்கும் என்பார்கள். காலில் இருந்து வருவது தொடைச்சந்து முடிச்சுகளுக்குப் போகும், கையில் இருந்து வருவது கமக்கட்டுக்கு, தலைத்தோலில் இருந்து வருவது காதின் பின்பக்கத்துக்கும் பிடரிக்கும். கிருமியோடு நீர் வந்து சேர்ந்தால் முடிச்சுக்குள் இருக்கிற வெள்ளணுக்கள் பெருகும், முடிச்சு வீங்கும், நோகும். நாங்கள் நெறி கட்டியிருக்கிறது என்று சொல்வது இதைத்தான். ஆகவே நெறியை ஒரு தனி வருத்தமாக நினைத்து அதில் பத்துப் போடுவதும், சூடு வைப்பதும், பிசைவதும் காவல்காரனை அடிக்கிற வேலை. நெறி கட்டினால் அதற்குக் கீழே போய்த் தேட வேண்டும்.

அந்தத் தேடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முழுக் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. மருந்து கட்டும் அறைக்கு வருகிறவர் சாரத்தை முழங்கால்வரை தூக்கி, சிவந்த இடத்தைத்தான் காட்டுவார். நான் பாதத்தைக் கையில் எடுத்து நாலாம் விரலையும் சின்ன விரலையும் பிரித்துப் பார்ப்பேன். அநேகமாக அங்கே இருக்கும்: தண்ணீரில் ஊறிய பாண் மாதிரி வெள்ளையாகப் பொதுமிய தோல், கொஞ்சம் புளித்த மணம். பஞ்சால் மெதுவாக ஒற்றினால் அந்த வெள்ளை உரிந்து வரும், அடியில் நூல் தடிப்பில் ஒரு சிவந்த வெடிப்பு. ஆளைக் கேட்டால், “அது சேற்றுப்புண் ஐயா, எப்பவும் இருக்கிறதுதானே” என்பார். காய்ச்சலுக்கு வந்தவர் அதை ஒரு வருத்தமாகவே கணக்கெடுத்திருக்க மாட்டார்.

சேற்றுப்புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் பங்கசு (பூஞ்சை). பங்கசு பெரிதாக ஒன்றும் செய்யாது, கடிக்கும், உரியும். ஆனால் அது தோலைப் பிளந்து வைத்துவிடுகிறது. அந்த வெடிப்பால்தான் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் போன்ற கிருமி உள்ளே போகிறது. போனால் தங்கி நிற்காது. தோலின் அடியில் கலங்களை ஒட்டி வைத்திருக்கிற பசையைக் கரைக்கிற நொதியங்கள் அதனிடம் இருக்கின்றன, ஆகவே கெதியாகப் பரவும். பரவுகிற வழியில் முதலில் அகப்படுவது நிணநீர்க் குழாய். சிலருக்குக் கணுக்காலில் இருந்து தொடையை நோக்கி ஒரு சிவப்புக் கோடு ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். “நஞ்சு ஏறுது” என்று ஊரில் சொல்வார்கள். அது அழன்று போன நிணநீர்க் குழாய். அந்தக் கோட்டைக் கண்டால் அடுத்த நாள் வரை பொறுக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சேற்றுப்புண் ஒன்றுதான் வாசல் என்று இல்லை. குதிக்கால் வெடிப்பு, முள்ளுக் குத்து, மண்வெட்டி பட்ட காயம், நுளம்புக் கடியைச் சொறிந்த இடம், செருப்பு வார் உரஞ்சிய இடம், எல்லாமே வாசல்தான். சீனி வருத்தம் உள்ளவருக்குக் காலில் உணர்வு குறைவு, வாசல் திறந்திருப்பதே தெரியாது. அப்பாவுக்குச் சீனி பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்காவிட்டால் இந்தக் கிழமையே பாருங்கள்.

இனி அந்தக் கடைசி வரி. உள்தொடை என்பது காலின் நிணநீரில் பெரும்பகுதி ஒன்றுகூடி மேலே ஏறுகிற ஒடுக்கமான பாதை. பெரிய குழாய்கள் நாளத்தை ஒட்டியபடி அந்தப் பக்கமாகத்தான் தொடைச்சந்துக்குப் போகின்றன. செல் துண்டு அங்கே புகுந்து, பிறகு அதை எடுக்கவும் சிதைந்த சதையை வெட்டவும் கத்தி வைத்து, மேலே தழும்பு மூடியிருந்தால் அந்தக் குழாய்களில் எத்தனை தப்பியிருக்கும்? மிச்சம் இருப்பவை பல வருடம் இழுத்துப் பிடித்து வேலை செய்யும். கால் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். பின்னேரத்தில் கொஞ்சம் பாரம், செருப்பு இறுக்கம், அவ்வளவுதான். அந்தக் காலில் ஒரு செலுலைட்டிஸ் வந்தால் வழக்கத்தைவிட அதிக நீர் கசியும், அதை இறைக்க வேண்டிய குழாய்களோ குறைவு. போதாததற்குக் கிருமி அந்தக் குழாய்களையும் கெடுக்கிறது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தோலில் ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமி தொற்றிய எலிகளின் நிணநீர்க் குழாய்கள், கிருமி அழிந்து நெடுநாள் ஆன பின்னும் ஒழுங்காகச் சுருங்கவில்லை. கிருமியின் நச்சுப்பொருட்கள் குழாய்ச் சுவரின் தசைக் கலங்களையே கொன்றிருந்தன. எலியில் கண்டது எல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மருந்து கட்டும் அறையில் வருடக் கணக்கில் கண்டதோடு அது ஒத்துப்போகிறது: ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் கால் முன்பு இருந்த அளவுக்குத் திரும்பாமல் ஒரு விரல் தடிப்புக் கூடவே நின்றுவிடும்.

நீர் தேங்கிய கால் கிருமிக்கு விருந்து வீடு. புரதம் நிறைந்த நீர், அதைக் காவல் காக்க வர வேண்டிய வெள்ளணுக்களுக்கு வழி அடைப்பு, இழுபட்டு வெடிக்கிற தோல். ஆகவே வீக்கம் அடுத்த செலுலைட்டிசைக் கூப்பிடும், அது வீக்கத்தைக் கூட்டும். இரண்டு வருடத்தில் மூன்று தடவை வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். செய்வினை, சூனியம் என்று யாராவது தொடங்கினால் அவர்களுக்கு விரலிடுக்கைக் காட்டுங்கள்.

யானைக்கால் நோயிலும் கதை இதுதான் என்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். புழு குழாயைக் கெடுத்து வைக்கும், அடிக்கடி வருகிற காய்ச்சலையும் சிவப்பையும் உண்டாக்குவது பெரும்பாலும் தோல் வெடிப்பால் போகிற சாதாரணக் கிருமி. கேரளத்தில் ஆலப்புழையில் 1990-களில் அந்த நோயாளிகளை வைத்து ஆய்வு செய்தார்கள். காலை ஒழுங்காகக் கழுவித் துடைத்து, புண்ணுக்கு மருந்து பூசிப் பராமரித்தபோதே தாக்குதல்கள் நன்றாகக் குறைந்தன. விலை கூடிய மருந்து ஒன்றும் இல்லை, சவர்க்காரமும் தண்ணீரும் துணியும்.

அதனால் வீட்டில் செய்ய வேண்டியதில் முதலாவது அதுதான். ஒவ்வொரு நாளும் இரவு, வயலால் வந்து கிணற்றடியில் அவசரமாகக் கால் கழுவுவதைக் கணக்கில் எடுக்காமல், ஒரு தடவை ஆறுதலாக இருந்து கழுவ வேண்டும். சவர்க்காரம் போட்டு விரலிடுக்கு ஒவ்வொன்றையும் கையால் கழுவி, பிறகு துடைப்பது முக்கியம். எங்கள் ஆட்கள் கழுவுவதில் குறை வைக்க மாட்டார்கள், துடைக்கத்தான் மாட்டார்கள். ஈரக்காலோடு செருப்பை மாட்டினால் கழுவியதில் பாதிப் பலன் போய்விடும். பழைய பருத்திச் சீலைத் துண்டு ஒன்றை இதற்கென்று வைத்து, விரலிடுக்கில் நுழைத்து ஈரத்தை ஒற்றி எடுங்கள், உரஞ்ச வேண்டாம். சேற்றுப்புண் இருந்தால் குளோட்ரிமசோல் கிறீம் போன்ற ஒன்றைக் காலையும் மாலையும் பூசி, புண் மாறின பின்னும் இரண்டு கிழமை தொடர வேண்டும். பாமசியில் “கடிக்கு ஒரு கிறீம் தாங்கோ” என்று கேட்டு வாங்கி வராதீர்கள். ஸ்டீரொயிட் கலந்த கிறீம் கிடைத்தால் கடி அன்றைக்கே நிற்கும், பங்கசோ அதன் கீழே வடிவாக வளரும்.

காய்ந்த கெண்டைக்காலுக்கும் குதிக்காலுக்கும் தேங்காய் எண்ணெய் பூசலாம், தோல் வெடிக்காமல் இருக்கும். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம்.

எண்ணெய் என்றதும் அந்தப் பெரியவருக்கு வருகிறேன். சிவப்பும் சூடும் இருக்கிற காலை யாரும் உருவக் கூடாது. வற்றிய பிறகும் வலு கொடுத்து உருவுவது பிழை. நிணநீரை உறிஞ்சுகிற முதல் குழாய்கள் தோலுக்கு மிக அருகில், மயிரிலும் மெல்லியதாக இருக்கின்றன. அமத்தி உருவினால் அவை நசுங்கும், கிழியும். இதற்கென்று ஒரு தடவல் முறை இருக்கிறது, இயன்மருத்துவர்கள் (பிசியோதெரப்பி செய்கிறவர்கள்) பழக்கி விடுவார்கள். பார்த்தால் தடவுகிறாரா விளையாடுகிறாரா என்று கேட்கத் தோன்றும், அவ்வளவு மெதுவாகத் தோலை மட்டும் நகர்த்துவார்கள். அதையும் பாதத்தில் தொடங்க மாட்டார்கள், முதலில் மேலே வழியைத் திறந்துவிட்டுத்தான் கீழே இறங்குவார்கள். கழிவு வாய்க்காலைத் துப்புரவாக்குகிறவன் கடைப்பக்கம் இருந்துதான் வெட்டி வருவான், அந்த நியாயம்தான்.

படுக்கும்போது கால் நெஞ்சு மட்டத்தைவிட உயர இருக்க வேண்டும். காலுக்குக் கீழே தலையணை வைத்தால் இரவு நழுவிவிடும். கட்டிலின் கால்மாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஒவ்வொரு செங்கல் வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. பகலில் நடக்கலாம், நடக்கவும் வேண்டும், ஒரே இடத்தில் நிற்பதும் தொங்கப்போட்டு இருப்பதும்தான் கூடாது.

இறுக்கிக் கட்டுவது பற்றி டொக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். அவசரத்தில் அவர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள். அவுஸ்திரேலியாவில் செய்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாள்பட்ட கால் வீக்கமும் அடிக்கடி செலுலைட்டிசும் உள்ள 84 பேரில் பாதிப் பேருக்கு இறுக்கமான காலுறை கொடுத்தார்கள். போட்டவர்களில் 15 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 40 சதவீதம் பேருக்கும் திரும்ப வந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் கட்டுவதற்கு முன் பாதத்தின் நாடி பார்க்க வேண்டும். புகை பிடிக்கிறவர், சீனி வருத்தக்காரர் சிலருக்குக் காலுக்கு இரத்தம் போவதே குறைவு. அவர்களுக்கு இறுக்கிக் கட்டினால் விரல் கறுத்துவிடும். கடையில் வாங்கிய இழுவைப் பன்டேஜை வீட்டில் சுற்றிக்கொண்டு வந்து, மேலே இறுக்கமும் கீழே தளர்வுமாகப் பாதம் இன்னும் வீங்கி நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன். முதல் தடவை தெரிந்தவரின் கையால் கட்டுவிக்க வேண்டும்.

பென்சிலின் பற்றியும் கேட்கலாம். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 274 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஒரு வருடம், நாளுக்கு இரண்டு தடவை குறைந்த அளவு பென்சிலின் குளிசை. அந்த வருடத்தில் குளிசை எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 37 சதவீதம் பேருக்கும் திரும்ப வந்தது. குளிசையை நிறுத்திய பிறகு அந்தப் பலன் மெல்ல மெல்லப் போய்விட்டது என்பதையும், மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தவர்களுக்கும் ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கும் பருத்தவர்களுக்கும் அவ்வளவு வேலை செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே குளிசை இருக்கிறதே என்று விரலிடுக்கை மறந்தால் நட்டம் எங்களுக்குத்தான். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள்.

அடுத்த தடவை வந்தால் (வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது) சிவப்பின் ஓரத்தைப் பேனையால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். டொக்டருக்கு அது பெரிய உதவி. மருந்து தொடங்கிய முதல் நாள் சிவப்புக் கோட்டைக் கொஞ்சம் தாண்டலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் நோவும் குறைய வேண்டும், குறையாவிட்டால் திரும்பப் போங்கள். குறைந்தது என்று மிச்சக் குளிசையைப் பெட்டிக்குள் போட்டு அடுத்த தடவைக்கு வைக்கவும் வேண்டாம். பிறகு தோல் வெங்காயச் சருகு போல உரியும், அது நல்லது.

இவற்றில் ஒன்றைக் கண்டால் மட்டும் விடியும்வரை பார்க்காமல் 1990-க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை: பார்வைக்குத் தெரிகிற சிவப்பைவிட நோவு மிக அதிகமாக இருப்பது, தோல் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறுவது, கொப்புளம் போடுவது, தொட்டால் உள்ளே நொறுநொறு என்பது, ஆள் தடுமாறிக் கதைப்பது. கிருமி சதையின் உறையைத் தின்னத் தொடங்கியிருக்கலாம். அங்கே மணித்தியாலக் கணக்குத்தான்.

சிவந்து வீங்கிய காலெல்லாம் செலுலைட்டிஸ் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். இரண்டு காலும் ஒரே நேரத்தில் சிவந்து வீங்கினால் அநேகமாக வேறு காரணம்: நாளம், இதயம், சிறுநீரகம், அல்லது பிரசருக்கு எடுக்கிற அம்லோடிபின் குளிசை. காய்ச்சல் இல்லாமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி நொந்தால் நாளத்துக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

வன்னிக்கென்றே சில உண்டு. பற்றைக்குள் விறகு எடுக்கப் போய் வந்து, ஒரு கிழமை பத்து நாளில் காய்ச்சல், தொடைச்சந்திலோ கமக்கட்டிலோ நெறி, தேடிப் பார்த்தால் சாரம் கட்டுகிற இடத்திலோ மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு: உண்ணியைப் போன்ற மிகச் சின்னப் பூச்சி கடித்து வருகிற காய்ச்சல் அது. டொக்சிசைக்கிளினுக்குக் கெதியாக அடங்கும். பொருக்கு நோகாது, ஆகவே நோயாளி சொல்ல மாட்டார், உடுப்பைக் களைந்து பார்க்காதவருக்கு அது தெரியவும் மாட்டாது. மாதக் கணக்கில் மாறாத, நோகாத, கடிக்காத ஒரு பரு முகத்திலோ கையிலோ இருந்தால் மணல் ஈ கடித்து வருகிற லீஷ்மேனியா நோயாக இருக்கலாம். அதற்கு ஊசி இருக்கிறது, தோல் கிளினிக்கில் காட்ட வேண்டும். அப்புறம் மெலியோய்டோசிஸ். வயல் சேற்றிலும் தண்ணீரிலும் வாழ்கிற கிருமி, மழை காலத்தில் கூடும், சீனி வருத்தக்காரரைத் தேடிப் பிடிக்கும். தோலில் சீழ்க்கட்டி, நெறி பழுப்பது, மாறாத காய்ச்சல் என்று காசநோய் மாதிரியே வேஷம் போடும். சாதாரணமாகக் கொடுக்கிற குளிசைகள் பலவற்றுக்கு அடங்காது. வெட்டி எடுத்த சீழை வாளிக்குள் ஊற்றாமல் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், வயல்காரர் என்பதையும் வாய் திறந்து சொல்லுங்கள்.

நோகாமல், ரப்பர் மாதிரி, இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல், ஒரு மாதம் தாண்டியும் கரையாத நெறி வேறு கதை. அதோடு உடம்பு மெலிவதும் இரவில் வேர்ப்பதும் சேர்ந்தால் தாமதம் வேண்டாம்.

தம்பியின் மகளுக்குப் பிடரியில் பயறு மாதிரி நாலைந்து நெறி என்று கேட்டிருந்தீர்கள். தலையைப் பாருங்கள். பேன் கடித்துச் சொறிந்த புண்தான் பெரும்பாலும் காரணம். பேனை ஒழித்துப் புண்ணை ஆற்றினால் நெறி மெல்லக் கரையும். பிள்ளைகளின் சிரங்கைச் சும்மா விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிருமி பிடித்த சிரங்குக்கு மூன்று முதல் ஆறு கிழமைக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குக் காலையில் முகம் ஊதி, சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போகும். சிறுநீரகம் அழன்றிருக்கிறது. 2009-இல் செட்டிக்குளம் முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற காலத்தைக் கண்டவர்களுக்குச் சிரங்கு என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்பாவுக்கு இன்னும் இரண்டு விஷயம். தையல்காரரின் அளவு நாடா ஒன்று வாங்கி, இரண்டு காலிலும் கணுக்காலுக்கு மேல் 10 சென்ரிமீற்றரிலும் 20 சென்ரிமீற்றரிலும் சுற்றளவு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எழும்பினவுடன் கொப்பியில் எழுதுங்கள். பெருவிரலுக்குப் பக்கத்து விரலின் அடியில் மேல்தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாமல் தடித்திருந்தால் நிணநீர் வீக்கம் ஊன்றிவிட்டது. தூக்க முடிந்தால் இன்னும் நிறைய நேரம் இருக்கிறது. மற்றது, தொடைக்குள் செல் துண்டு எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துக் கொப்பியில் எழுதுவியுங்கள். எப்போதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும், அந்த இயந்திரம் காந்தம்.

காலபோகத்துக்கு வயலுக்குள் இறங்கலாமா என்று கேட்டீர்கள். இறங்க வேண்டாம் என்று சொன்னால் அவர் கேட்கப் போவதில்லை, நீங்களும் அதைச் சொல்ல முடியாமல்தான் என்னிடம் கேட்கிறீர்கள். வெடிப்பு மூடும்வரை சேற்றுக்குள் கால் வைக்கக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்றைக்குப் பூசத் தொடங்கினால் விதைப்புக்கு முன் மூடிவிடும். பிறகு முழங்கால்வரை வருகிற இறப்பர் சப்பாத்து. அது சேற்றுக்குள் இழுபடும், வேர்க்கும் என்று இரண்டு நாளில் வரம்பில் கழற்றி வைப்பார். அதனால் இரண்டு சோடி வாங்கி மாறி மாறிக் காயவிடுங்கள், மத்தியானம் வரம்பில் இருந்து சாப்பிடும்போது கழற்றிக் காலைத் துடைக்கச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே கொடுக்கிற குளிசையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்குங்கள், அந்தக் கிருமியும் இதே வெடிப்பால்தான் போகும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது என்பதையும் பாருங்கள். நாடாவும் கொப்பியும் வாங்கி நாலு ஞாயிறு அளந்த பிறகு அந்த எண்களை எனக்கு எழுதுங்கள், இடது காலின் அளவையும் சேர்த்து.